ஹைவோல்டேஜ் டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் என்ன போட வேண்டும்? பட்டறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நியான் போர்டு டிரான்ஸ்பார்மர் ரீவைண்டிங்குக்கு வந்தது. தாரைச் சுரண்டி எடுத்து, கோரைப் பிரித்தபோது, பிரைமரி காயிலுக்கும் (சப்ளை கொடுக்கும் பக்கம்) செகண்டரி காயிலுக்கும் (ஹைவோல்டேஜ் வரும் பக்கம்) நடுவில் விரல் நீளத்துக்கு இரண்டு சின்ன ஸ்டாம்பிங் கட்டுகள், அதாவது அடுக்கிய இரும்புத் தகடுகள், செருகியிருந்தன, ஓரத்தில் மஞ்சள் பேப்பர் ஒட்டி. காயில் ஆடாமல் இருக்க வைத்த ஆப்பு என்று நினைத்து எடுத்துப் போட்டுவிட்டேன். புதுக் காயில் சுற்றி, வார்னிஷ் போட்டு, காயவைத்து, லோடு இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. கண்ணாடி டியூபை மாட்டியதும் முன்பைவிடப் பளிச்சென்று எரிந்தது, நல்ல வேலை செய்திருக்கிறோம் என்றுதான் தோன்றியது. பத்து நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாசனை, டியூபின் முனைகள் கறுத்துப் போயின, அப்புறம் செகண்டரி போய்விட்டது.

ஆப்பு என்று நான் தூக்கிப் போட்ட அந்த இரண்டு இரும்புத் துண்டுகள்தான் அந்த டிரான்ஸ்பார்மரின் கரண்ட் கட்டுப்பாடு. ஷன்ட் என்று அதற்குப் பெயர். அன்றைக்கு யாராவது உட்கார வைத்து விளக்கியிருந்தால் ஒரு காயில் செம்புக் கம்பி மிச்சமாகியிருக்கும், அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ளாமல் கீழே உள்ளதைச் செய்யக் கூடாது. இங்கே சொல்லும் கட்டுப்பாடெல்லாம் டிரான்ஸ்பார்மரையும் சோதிக்கும் பொருளையும் காப்பாற்றத்தான். உங்கள் உடம்பைக் காப்பாற்றாது. உடம்புக்கான ஏற்பாடு தனி, அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கரண்ட் ஏன் தறிகெட்டுப் போகிறது

டிரான்ஸ்பார்மர் தருவது வோல்டேஜ். எவ்வளவு கரண்ட் ஓடும் என்பது லோடைப் பொறுத்தது. பெயர்ப்பலகையில் 1 கேவிஏ, 230 / 5000 வோல்ட் என்று இருந்தால், செகண்டரியில் 200 மில்லி ஆம்பியர் வரை சூடாகாமல் எடுக்கலாம் என்று அர்த்தம், அதற்கு மேல் வராது என்று அர்த்தம் இல்லை. புதியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

அந்த டிரான்ஸ்பார்மரின் உள் இம்பீடன்ஸ் (காயிலுக்குள்ளேயே இருக்கும் கரண்ட் தடை) 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். செகண்டரி ஷார்ட் ஆனால் முழு லோடு கரண்ட்டைப்போல 20 மடங்கு ஓடும். பிரைமரியில் 4.35 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 87 ஆம்பியர், செகண்டரியில் 0.2-க்குப் பதில் 4 ஆம்பியர். தெருவில் நிற்கும் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மருக்கும் இதே கணக்குதான், 4.5 சதவீத இம்பீடன்ஸ், 433 வோல்ட் பக்கத்தில் முழு லோடு 133 ஆம்பியர், பக்கத்திலேயே ஷார்ட் ஆனால் ஏறத்தாழ 3000 ஆம்பியர். அங்கே அதைத் தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள், ஃபியூஸும் போட்டிருக்கிறார்கள். நம் மேசையில் அப்படி இல்லை.

ஹைவோல்டேஜில் இன்னொரு தொல்லையும் உண்டு. பொறி பாய்ந்துவிட்டால், அல்லது வாயு நிரப்பிய டியூப் எரியத் தொடங்கிவிட்டால், அந்தப் பாதையில் கரண்ட் கூடக்கூட வோல்டேஜ் குறைகிறது. சாதாரண ரெசிஸ்டன்ஸில் நடப்பதற்கு நேர் எதிர். அதனால் தடுக்க ஒன்றுமில்லை என்றால் கரண்ட் ஏறிக்கொண்டே போகும், ஏதாவது எரிந்தால்தான் நிற்கும்.

வீட்டில் பழைய சோக், ஸ்டார்ட்டர் வைத்த டியூப்லைட் இருந்தால் இதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறீர்கள். 36 வாட் டியூப் எரியும்போது அதன் இரு முனைகளுக்கு நடுவில் சுமார் 103 வோல்ட்தான் இருக்கும், கரண்ட் 0.43 ஆம்பியர். மிச்ச வோல்டேஜைச் சோக் தாங்குகிறது. மிச்சம் என்றதும் 230-இல் 103 போக 127 என்று போட்டுவிடாதீர்கள், சோக்கின் மேல் அளந்தால் 200 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். டியூபின் வோல்டேஜும் சோக்கின் வோல்டேஜும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை, செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் மாதிரிதான் சேர்கின்றன. 230-இன் வர்க்கத்திலிருந்து 103-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 206 வரும். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் சோக் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஷன்ட் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்

வெளியில் எதையும் தேடும் முன் உள்ளேயே கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர்ப்பலகையில் கேவிஏ என்று போடாமல் 15,000 வோல்ட், 30 மில்லி ஆம்பியர் என்றோ, பாய்லர் பர்னரைப் பற்றவைக்கும் டிரான்ஸ்பார்மரில் வருகிற மாதிரி 10,000 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்றோ இருந்தால், அது இரும்புக் கோர் வகையாகவும் இருந்தால், பெரும்பாலும் ஷன்ட் இருக்கும். கையில் லேசாக இருக்கும் எலக்ட்ரானிக் நியான் டிரான்ஸ்பார்மர் வேறு ஜாதி. அது ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் ஓடுகிறது, இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

ஷன்ட் வேலை செய்யும் விதம் அழகானது. லோடு இல்லாதபோது பிரைமரி உண்டாக்கும் காந்தப் பாய்வுக்குக் கோர் வழியாகச் செகண்டரிக்குப் போவதுதான் சுலபம், ஷன்ட் வழியில் அந்த மஞ்சள் பேப்பர் கனத்துக்கு இடைவெளி இருப்பதால் அந்தப் பக்கம் அதிகம் போகாது. செகண்டரியில் கரண்ட் ஓட ஆரம்பித்ததும் அது எதிர்த்துத் தள்ளுகிறது. தள்ளத் தள்ளப் பாய்வு ஷன்ட் வழியாகக் குறுக்கே திரும்பிவிடுகிறது, செகண்டரி வோல்டேஜ் விழுகிறது. நேராக ஷார்ட் செய்தாலும் 30 மில்லி ஆம்பியருக்குப் பக்கத்தில் நின்றுவிடும். பேப்பரின் கனம், தகடுகளின் எண்ணிக்கை இரண்டும்தான் அந்த 30-ஐத் தீர்மானிக்கின்றன. ஆகவே பிரிக்கும்போது போட்டோ எடுங்கள், தகட்டை எண்ணுங்கள், பேப்பரைத் தூக்கிப் போடாதீர்கள். கூடுதல் வெளிச்சத்துக்காக இரண்டு தகட்டை உருவிவிடச் சொல்லி யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது எங்கே முடியும் என்று மேலே சொன்னேன்.

இந்த வகையைச் சோதிப்பதில் ஒரு சுலப வழி: பெரிய நியான் டிரான்ஸ்பார்மர்களில் செகண்டரியின் நடுப்புள்ளி கோரோடு சேர்ந்திருக்கும். மெயினைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரில் ஒவ்வொரு ஹைவோல்டேஜ் முனையிலிருந்தும் கோருக்கு ஓம் பாருங்கள். இரண்டு பக்கமும் சில ஆயிரம் ஓம், கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கணிசமாகக் குறைந்தாலோ, ஒன்றுமே காட்டாமல் போனாலோ, அந்தப் பாதியில் காயில் போய்விட்டது.

பல்பா, சோக்கா

ஷன்ட் இல்லாத டிரான்ஸ்பார்மர் என்றால் பிரைமரியோடு சீரியஸில் ஏதாவது போட்டாக வேண்டும். செகண்டரி பக்கம் ரெசிஸ்டர் போடலாமே என்று கேட்பீர்கள், போடலாம். ஆனால் சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் 250 வோல்ட்தான் தாங்கும், 5000 வோல்ட்டை ஒன்றின் தலையில் கட்டினால் மேற்பரப்பிலேயே பொறி தாண்டிவிடும். நிறைய ரெசிஸ்டர்களைச் சங்கிலி மாதிரி கோர்க்க வேண்டும், வாட் கணக்கும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் பிரைமரி பக்கமே வேலை செய்யுங்கள். கை வைக்கும் எல்லாமே 230 வோல்ட் பக்கம் இருக்கும்.

எல்லாருக்கும் தெரிந்தது சீரியஸ் பல்பு. 230 வோல்ட், 100 வாட் இழை பல்பு சூடாக 529 ஓம், அதற்கு மேல் 0.43 ஆம்பியரைத் தாண்ட விடாது. குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கு ஓம்கூட இருக்காது. இந்தக் குணம்தான் நமக்கு வசதி. டிரான்ஸ்பார்மர் நன்றாக இருந்து கொஞ்சமாகக் கரண்ட் எடுத்தால் பல்பு மங்கலாகவோ எரியாமலோ இருக்கும், வோல்டேஜ் அதிகம் குறையாது. உள்ளே ஷார்ட் என்றால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், கம்பி தப்பிக்கும். நம் 230 / 5000 டிரான்ஸ்பார்மரில் சுற்று விகிதம் 21.7, ஆக பிரைமரியில் 0.43 என்றால் செகண்டரியில் 20 மில்லி ஆம்பியர். காயில் சுற்றி முடித்த டிரான்ஸ்பார்மருக்கு முதன்முதலாகச் சப்ளை கொடுக்கும்போது பல்பு இல்லாமல் கொடுக்காதீர்கள். பெரிய கோரில் லோடு இல்லாத கரண்ட்டே பல்பைச் சிவக்க வைக்கலாம், அப்போது இரண்டு பல்பைப் பேரலலில் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. இழை பல்பு கிடைக்கவில்லை என்றால் ஹாலோஜன் ஃப்ளட் லைட் பயன்படும்.

பல்பில் குறை என்னவென்றால் நிறையக் கரண்ட் வேண்டுமென்றால் அத்தனையும் சூடாகப் போகும். 4 ஆம்பியர் கேட்டால் பத்து பல்பு, ஒரு கிலோவாட் சூடு. அந்த இடத்தில்தான் சோக்.

உதாரணத்துக்கு, ஷார்ட் ஆனாலும் பிரைமரியில் 4.35 ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் 53 ஓம். டிரான்ஸ்பார்மரிலேயே 5 சதவீதம், அதாவது 2.6 ஓம் இருக்கிறது. மிச்சம் 50 ஓம் சோக் தர வேண்டும். 50 ஹெர்ட்ஸில் சோக்கின் ஓம் என்பது ஹென்றியை 314-ஆல் பெருக்கினால் வருவது, ஆக 160 மில்லி ஹென்றி. சுற்றுவதற்குப் பதில், தெருவிளக்குகள் எல்இடியாக மாறிய பிறகு பழைய இரும்புக் கடைகளுக்கு வந்துவிட்ட சோடியம் வேப்பர் சோக்குகளைத் தேடுங்கள். 400 வாட் சோடியம் விளக்கு சுமார் 100 வோல்ட்டில் 4.6 ஆம்பியர் எடுக்கும், டியூப்லைட்டுக்குப் போட்ட அதே முக்கோணக் கணக்கில் அதன் சோக் 45 ஓம் வரும். 250 வாட் சோக் 3 ஆம்பியருக்கு, சுமார் 69 ஓம். 150 வாட் சோக் 1.8 ஆம்பியருக்கு, சுமார் 115 ஓம். ஒன்றோடொன்று பேரலலில் போட்டால் ஓம் குறைந்து ஆம்பியர் கூடும். இவற்றின் கோரில் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள், அதனால்தான் விளக்கைப் பற்றவைக்கும்போது வரும் அதிகக் கரண்ட்டிலும் அவை சாச்சுரேட் ஆகாமல் (கோர் காந்தப் பாய்வால் நிரம்பிவிடாமல்) ஓம் கொடுக்கின்றன. சும்மா கிடக்கும் டிரான்ஸ்பார்மரின் ஒரு காயிலைச் சோக்காகப் போட்டால் இடைவெளி இல்லாததால் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும்.

இங்கே சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது, பல பேருக்குத் தெரிவதில்லை. மோட்டார் காயிலுக்கு ஹைவோல்டேஜ் டெஸ்ட் செய்யும்போது சோக் போடாதீர்கள், பல்பே போடுங்கள். 415 வோல்ட் மோட்டாருக்குப் புதுக் காயில் என்றால் வோல்டேஜை இரட்டித்து 1000 கூட்டி, காயிலுக்கும் பாடிக்கும் நடுவில் 1830 வோல்ட் ஒரு நிமிடம் கொடுப்பார்கள். மோட்டார் காயிலும் பாடியும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் மாதிரி நடக்கும். அது 10 நானோ ஃபேரட் என்று எடுத்துக்கொண்டால், சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் பெருகி பிரைமரி பக்கத்தில் 4.7 மைக்ரோ ஃபேரடாகத் தெரியும், அதாவது 670 ஓம் சொச்சம். அதோடு 115 ஓம் சோக் சீரியஸில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு, வோல்டேஜ் சுமார் 20 சதவீதம் ஏறிவிடும். சோக்குக்கு முன்னால் இருக்கும் மீட்டரைப் பார்த்து 1830 என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள், காயிலுக்கு 2200 போய்க்கொண்டிருக்கும். நல்ல இன்சுலேஷனை நாமே கெடுத்த மாதிரி. பல்பில் இந்த ஏற்றம் வராது. பொறிக்கும் வாயு டியூபுக்கும் சோக், இன்சுலேஷன் டெஸ்ட்டுக்குப் பல்பு, இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

சோக்குக்குப் பதில் கெப்பாசிட்டரைப் பிரைமரியோடு சீரியஸில் போடலாமா என்றால், கூடாது. அதுவும் டிரான்ஸ்பார்மர் கோரும் சேர்ந்து ஃபெரோரெசொனன்ஸ் என்ற நிலைக்குப் போய், வோல்டேஜ் திடீரென்று எங்கேயோ தாவும்.

வேரியாக் கரண்ட்டைத் தடுக்காது

டிம்மர்ஸ்டாட் (வேரியாக் என்பதும் இதுதான், குமிழைத் திருப்பி வோல்டேஜை ஏற்றி இறக்கும் கருவி) இருக்கிறதே, மெதுவாக ஏற்றினால் போதாதா என்று கேட்காத புதியவர் இல்லை. வேரியாக் வோல்டேஜைக் குறைக்கிறது, அவ்வளவுதான். மெயினிலிருந்து தனிமைப்படுத்துவதும் இல்லை, கரண்ட்டைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. கீழ்ப்பகுதியில் வைத்திருக்கும்போது இன்னும் தாராளமாகக் கரண்ட் கொடுக்கும், கார்பன் பிரஷ் எரிவதும் அங்கேதான்.

இதனால் எதை எங்கே போடுகிறோம் என்பது முக்கியம். முதலில் எம்சிபி (கரண்ட் மீறினால் தானே விழும் ஸ்விட்ச்), அடுத்து வேரியாக், அதற்குப் பிறகு பல்பு அல்லது சோக், கடைசியில் டிரான்ஸ்பார்மர். சோக்கை வேரியாக்குக்கு முன்னால் போட்டால் என்ன ஆகும் பாருங்கள்: 115 ஓம் சோக், வேரியாக் பத்தில் ஒரு பங்கில், அதாவது 23 வோல்ட்டில் இருக்கிறது. வெளியே ஷார்ட் ஆனால் அந்த 115 ஓம் நூறில் ஒன்றாகச் சுருங்கி 1.15 ஓமாகத்தான் தெரியும், 20 ஆம்பியர் ஓடும். அதே சோக் வேரியாக்குக்குப் பின்னால் இருந்தால் 23-ஐ 115-ஆல் வகுக்க 0.2 ஆம்பியர். கம்பி மாற்றி மாட்டியதில் நூறு மடங்கு வித்தியாசம்.

வேரியாக்கை எப்போதும் சுழியிலிருந்து தொடங்குங்கள். நேராக 230-இல் ஸ்விட்ச் போட்டால், வோல்டேஜ் அலை சுழியைக் கடக்கும் நேரத்தில் மாட்டினால், கோர் சாச்சுரேட் ஆகி முழு லோடைப்போலப் பல மடங்கு கரண்ட் ஒரு கணம் பாய்ந்து எம்சிபி ட்ரிப் ஆகும். டிரான்ஸ்பார்மரில் ஒரு குறையும் இருக்காது, நீங்கள்தான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

உடம்புக்கான ஏற்பாடு

வீட்டில் போடும் ஆர்சிசிபியின் (கரண்ட் கசிந்தால் சப்ளையை அணைக்கும் கருவி) எண் 30 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் மனித உடம்பில் ஓடினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஆபத்து வந்துவிடும் என்பதால்தான் அந்த அளவு, அதுவும் 0.3 நொடிக்குள் அணைத்துவிட வேண்டும். நியான் டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகையிலும் அதே 30 இருக்கிறது, ஆனால் அது அணைவதே இல்லை. பல்பு போட்டு 20 மில்லி ஆம்பியராக்கிவிட்டோம் என்பதும் பாதுகாப்பு இல்லை, பிடித்த கையை விட முடியாமல் போக அது போதும்.

ஆர்சிசிபி இருக்கிறது என்று தைரியமாக இருக்காதீர்கள். செகண்டரி தனிச் சுற்று. அதில் நீங்கள் மாட்டிக்கொண்டால் பிரைமரியில் பேஸிலும் நியூட்ரலிலும் போவதும் வருவதும் சமமாகவே இருக்கும், ஆர்சிசிபிக்கு ஒன்றும் தெரியாது. எம்சிபி அதைவிட மோசம், 6 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ 30 முதல் 60 ஆம்பியர் வேண்டும்.

ஆகவே கோரை எர்த் செய்யுங்கள். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் குறையாமல் தடுப்பு வையுங்கள். பிளக்கைக் கழற்றி உங்கள் கண் பார்வையில் வைத்துக்கொண்டுதான் செகண்டரி பக்கம் போக வேண்டும், போனதும் முதலில் எர்த்தோடு கட்டிய கம்பு முனையால் இரண்டு முனைகளையும் தொட வேண்டும், அப்புறம்தான் கை. தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு மெயின் ஸ்விட்ச் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

மைக்ரோவேவ் ஓவன் டிரான்ஸ்பார்மரைத் தொடவே தொடாதீர்கள். 2000 வோல்ட்தானே, நியானைவிடக் குறைவுதானே என்று தோன்றும். அது அரை ஆம்பியரும் அதற்கு மேலும் தரக்கூடியது, உள்ளே இருக்கும் சிறிய ஷன்ட் அதை உயிருக்கு ஆபத்தில்லாத அளவுக்குக் குறைக்காது, செகண்டரியின் ஒரு முனை பாடியிலேயே இருக்கிறது. அதை வைத்து மரப்பலகையில் மின்னல் வடிவம் எரிக்கும் வேலையில் பலர் செத்திருக்கிறார்கள், அமெரிக்காவில் மரம் கடைவோர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அந்த வேலையைத் தடை செய்துவிட்டது. சோக் போட்டால் சரியாகிவிடுமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில், ஆகாது.

அளந்து பார்க்கும் முறை

எல்லாம் மாட்டிய பிறகு கணக்கு சரிதானா என்று பார்க்க, ஹைவோல்டேஜ் பக்கம் மீட்டர் வைக்கத் தேவையே இல்லை. பிளக் கழற்றிய நிலையில் செகண்டரியின் இரு முனைகளையும் தடித்த கம்பியால் ஷார்ட் செய்து, அதையும் எர்த்தோடு கட்டிவிடுங்கள். பிரைமரி ஒயர் ஒன்றில் க்ளாம்ப் மீட்டரை மாட்டுங்கள், ஒயர் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் சுழிதான் காட்டும். தடுப்புக்கு வெளியே வந்து, வேரியாக்கைச் சுழியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். 50 வோல்ட்டில் நின்று பாருங்கள். 115 ஓம் சோக் என்றால் 0.4 ஆம்பியருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும், பதினெட்டு பத்தொன்பது ஆம்பியர் காட்டினால் சோக் சுற்றிலேயே இல்லை, இறக்கிவிட்டு வயரிங்கைப் பாருங்கள்.

சரியாக இருந்தால் 230 வரை கொண்டுபோங்கள். 2 ஆம்பியரில் நிற்கும். வோல்டேஜ் கூடுவதைவிட வேகமாகக் கடைசிப் பகுதியில் ஆம்பியர் கூடினால் சோக் சாச்சுரேட் ஆகிறது, பெரிய சோக் வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பிளக்கைக் கழற்றி, சோக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் தொடர்ந்து ஓட்ட அது ஆகாது. பிரைமரியில் கண்ட ஆம்பியரைச் சுற்று விகிதத்தால் வகுத்தால் செகண்டரியில் அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று தெரிந்துவிடும். அந்த எண்ணை, எந்த டிரான்ஸ்பார்மரோடு அளந்தது என்பதோடு சேர்த்து, சோக்கின் மேலேயே பெயிண்டில் எழுதி வையுங்கள், அடுத்த மாதம் அதை எடுத்து மாட்டப்போவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். செகண்டரி ஷார்ட்டைக் கழற்றும் முன் பிளக் வெளியில்தான் இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள்.